அக்கா, எனக்கு கணக்கு வேண்டாம்! (வாசகர் கேள்வி பதில்)

போன மாசம் ஒரு பொண்ணோட லெட்டருக்கு ரெண்டே வரியில பதில் போட்டிருந்தேன், "கணக்கு வரலைன்னா என்ன, நர்சிங் போயிடும்மா"ன்னு. அதுக்கு வந்துச்சு பாருங்க லெட்டரு, ஒரு கட்டு! பாதி பேரு "எனக்கும் அதே கதைதான்"ங்கறாங்க. ஒரு ரிட்டயர்டு சிஸ்டர் மட்டும் "நர்சிங்ல கணக்கு இல்லைன்னு உனக்கு எவ சொன்னா"ன்னு திட்டியே எழுதியிருக்காங்க. அவங்க திட்டுனது நியாயம்தான். நானே 31 வருஷம் வார்டுல கெடந்தவ, அப்படி அவசரத்துல எழுதியிருக்கக் கூடாது. அதனால இந்த மாசம் முழுக்க இதே சமாச்சாரம், மாமியார் பிரச்சினை எழுதுனவங்க எல்லாம் ஒரு மாசம் பொறுத்துக்கோங்க, மாமியார் எங்கயும் போயிட மாட்டாங்க.

அக்கா, எனக்கு வயசு 23, பி.காம். முடிச்சிட்டு ஒரு கொலுசு வியாபார ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். டேலி, ஜிஎஸ்டி, மாசாமாசம் கணக்கு தாக்கல் பண்ற 11ஆம் தேதி 20ஆம் தேதி நெருங்குனாலே வயித்தக் கலக்குது. எங்க பாட்டிக்கு பக்கவாதம் வந்து படுத்தப்ப ஒன்றரை வருஷம் நான்தான் பாத்துக்கிட்டேன், ராத்திரி 2 மணிக்கு ஒரு பக்கம், 4 மணிக்கு மறுபக்கம்னு திருப்பிப் படுக்க வெப்பேன். அந்த ஒன்றரை வருஷம்தான் நான் உருப்படியா இருந்த மாதிரி தோணுது. அந்த மாதிரி வேலைக்குப் போறேன்னா "பி.காம். படிச்சிட்டு ஆயா வேலைக்கா"ன்னு வீட்ல கத்தறாங்க. நான் என்ன பண்றது அக்கா? (ஒரு வாசகி, அம்மாபேட்டை)

கண்ணு, மொதல்ல ஒண்ணு கேக்கறேன், உனக்குப் பிடிக்காதது எந்தக் கணக்கு? சிரிக்காத, நெஜமாத்தான் கேக்கறேன். அடுத்தவங்க காசுக்கு நாம பொறுப்பேத்து பைசா சுத்தமா டேலி ஆகணும்ங்கறது ஒரு ரகக் கணக்கு. "இந்த மாசம் இத்தனை பேரைப் புடிச்சிட்டு வா"ங்கற டார்கெட் இன்னொரு ரகம். சைன் தீட்டா காஸ் தீட்டா, பரீட்சைக்குப் படிச்சு மறக்கறது, அது தனி. அப்பறம் ஒரு மனுஷனோட காய்ச்சல் எத்தனை, சக்கரை எத்தனை, காலைல இருந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனாருன்னு பாத்து எழுதறது. இந்தக் கடைசி ரகம் இல்லாத சேவை வேலை எனக்குத் தெரிஞ்சு கெடையாது. ஆனா 2 மணி, 4 மணின்னு நீயே எழுதியிருக்கியே, அதை நீ கணக்குன்னே நெனைக்கல பாத்தியா.

என் கதையச் சொல்றேன். எங்கப்பா சேலம் பனங்காட்டுல கொலுசுப் பட்டறை வேலை பாத்தவரு. மொதலாளி வெள்ளிய எடை போட்டுக் குடுப்பாரு, கொலுசா பண்ணித் திருப்பிக் குடுக்கறப்ப மறுபடி எடை, நடுவுல சேதாரம்னு கொஞ்சூண்டு விடுவாங்க, அதுக்கு மேல கொறஞ்சா கூலில புடிச்சுக்குவாங்க. பட்டறைத் தரைய கூட்டுன குப்பையக் கூட வெளிய கொட்ட மாட்டோம், அதுல வெள்ளித் தூள் இருக்கும்ல. ராத்திரி அப்பா சின்னத் தராசை எடுத்து வெச்சாருன்னா வீட்ல ஒருத்தரும் பேசக் கூடாது, ஒரு கிராம் கொறஞ்சுதுன்னா அன்னிக்கு சோறு யாருக்கும் எறங்காது. அப்படி வளந்தவளுக்கு நம்பருன்னா பயம் இல்லாம என்ன வரும், பத்தாவதுல கணக்குல பெயில், அக்டோபர்ல எழுதி 37 வாங்கி தேறுனேன்.

அப்பறம் நர்சிங் சேந்தா மொத மாசமே சிஸ்டர் டியூட்டர் போர்டுல எழுதறாங்க, 500 மில்லி டிரிப்ஸ் பாட்டில், 4 மணி நேரத்துல ஏறணும், செட்ல ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? எனக்கு கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது. 500ஐ 20ஆல பெருக்கு, 240 நிமிஷத்தால வகு, 42ன்னு வரும். வகுத்தல் எனக்கு அப்பவும் வராது, ஆனா வார்டுல அந்தம்மா சொல்லிக் குடுத்தது வேற, கையில வாட்ச்சை பாத்துக்கிட்டே சொட்டு விழற குழாயைப் பாரு, 15 செகண்டுல 10, 11 சொட்டு விழுந்தா சரி, கூட விழுந்தா ரோலரை இறுக்கு, கொறஞ்சா தளத்து. அவ்வளவுதான். எதிர்ல ஒரு தாத்தா மூச்சு வாங்கிட்டு படுத்திருக்காரு, வேகமா விட்டா நெஞ்சுல நீர் கோத்துக்கும்னு தெரியும், அந்த 42 எனக்கு மறக்கவே இல்ல. தராசு முன்னாடி நடுங்குன அதே நான்தான்.

அதுக்காக நர்சிங்ல தப்பு வராதுன்னு சொல்லல. வேலைக்குச் சேந்த புதுசு, ஒரு தனியார் ஆஸ்பத்திரி குழந்தைங்க வார்டு, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 5 மில்லின்னு எழுதியிருந்துது. நானும் 5 மில்லி எடுத்துட்டேன், ஆனா கையில இருந்தது சிரப் இல்ல, பச்சக் கொழந்தைக்கு குடுக்கற டிராப்ஸ். சிரப்புன்னா 5 மில்லில 125 மில்லிகிராம், டிராப்ஸ்ல ஒரே மில்லில 100. வாயில ஊத்தப் போற நேரத்துல பெரிய சிஸ்டர் வந்து கையப் புடிச்சாங்க, அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து அழுதேன். யோசிச்சுப் பாரு, அங்க கணக்கே தப்பாகல, லேபிளைப் படிக்காததுதான் தப்பு. அதுக்கப்பறம் ரிட்டயர்டு ஆகற வரைக்கும் எந்த பாட்டிலையும் வாய்விட்டுப் படிக்காம ஊசியில ஏத்தினதில்ல. இந்த வேலைக்கு கணக்குப்புலி தேவையில்ல கண்ணு, ஒருதடவைக்கு ரெண்டு தடவை பாக்கற ஆளு வேணும், சந்தேகம்னா பக்கத்துல இருக்கறவளக் கூப்புட்டு "இதை கொஞ்சம் பாரு"ன்னு கேக்க வெக்கப்படாத ஆளு வேணும்.

சரி, உன் விஷயத்துக்கு வர்றேன். பி.காம். வேஸ்ட் இல்ல. எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் எம்.எஸ்.டபிள்யூ.ங்கற சமூகப்பணி முதுகலைப் படிப்புல சேரலாம், ரெண்டு வருஷம், அதுல பாதிப் படிப்பு வெளியதான், ஆஸ்பத்திரி, காப்பகம், கிராமம்னு ஃபீல்டு வொர்க் அனுப்புவாங்க. ஆராய்ச்சி முறைன்னு ஒரு பேப்பர்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வரும், அதை ஒரு செமஸ்டர் பல்லைக் கடிச்சிட்டு தாண்டிடலாம். முடிச்சா பெரிய ஆஸ்பத்திரில மெடிக்கல் சோஷியல் வொர்க்கரா போகலாம். அதுல ஒரு வேலை இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது, டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர். 1994ல வந்த உறுப்பு மாற்றுச் சட்டத்தை 2011ல திருத்துனப்ப, இந்த ஆளை வேலைக்கு வெக்காம எந்த ஆஸ்பத்திரிக்கும் உறுப்பு மாற்று சிகிச்சைக்கு பதிவு கெடையாதுன்னு எழுதிட்டாங்க. பைக்ல போன பையன் மூளைச்சாவு ஆயிட்டான்னு டாக்டர் சொல்லிட்டுப் போன பின்னாடி, ஐ.சி.யூ. வாசல்ல உக்காந்திருக்கற அவன் அம்மா அப்பா பக்கத்துல போயி உக்காந்து பேசறது இவங்கதான். மானிட்டர்ல இதயம் ஓடறது தெரியுதே, அப்பறம் எப்படி செத்துட்டான்னு சொல்றீங்கன்னு அந்தம்மா கேப்பாங்க, அதுக்குப் பதில் சொல்லணும், தண்ணி வாங்கிக் குடுக்கணும், எப்பப் பேசணும் எப்ப சும்மா இருக்கணும்னு தெரியணும். 2023 செப்டம்பர்ல இருந்து நம்ம தமிழ்நாட்டுல உறுப்பு தானம் பண்ணவங்களுக்கு அரசு மரியாதைன்னு அறிவிச்சிருக்காங்க இல்லையா, அந்த மரியாதைக்குப் பின்னாடி இப்படி ஒருத்தர் ராத்திரி முழுக்க பேசியிருப்பாங்க.

பேசறதும் சொல்லிக் குடுக்கறதும் பிடிக்கும்னா மாற்றுத்திறன் குழந்தைங்களுக்குப் பாடம் எடுக்கற சிறப்பாசிரியர் படிப்பு இருக்கு. டிப்ளமோ ரெண்டு வருஷம், பிளஸ் டூ போதும், ஆனா படிக்கற எடத்துக்கு ஆர்.சி.ஐ.ங்கற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலோட அங்கீகாரம் இருக்கான்னு பாக்காம பணத்தக் கட்டிடாத, முடிச்சதும் அவங்க ரெஜிஸ்டர்ல பேரு ஏறினாத்தான் அந்த வேலைய முறைப்படி செய்யலாம். காது கேக்காதவங்களுக்கு மொழி பெயர்க்கற சைகை மொழி டிப்ளமோவும் ரெண்டு வருஷம்தான், அதுக்கு ஆளே பத்தல.

ஒரு எச்சரிக்கை. இன்டர்வியூ போறப்ப பேரைப் பாத்து ஏமாறாத. பேஷன்ட் கேர் எக்சிகியூட்டிவ், ரிலேஷன்ஷிப் ஆபீசர், வெல்னஸ் அட்வைசர்னு போட்டிருப்பாங்க, உள்ள போயிப் பாத்தா இன்சூரன்ஸ் பில்லும், மாசம் எத்தனை பேக்கேஜ் வித்தேங்கற கேள்வியும்தான். என் கூட வேலை பாத்த பொண்ணு ஒருத்தி கேர்ங்கற வார்த்தைய நம்பிப் போயி எட்டே மாசத்துல திரும்பி வந்தா. "காலைல வந்து மொதல்ல என்ன பண்ணணும், சாயங்காலம் போறப்ப யாருக்கு என்ன ரிப்போர்ட் குடுக்கணும்"னு ரெண்டு கேள்வி கேளு, அந்த வேலையோட ஜாதகம் தெரிஞ்சுரும்.

வேலைய இப்பவே விட்டுடாத. ஞாயித்துக்கிழமையில ஒரு முதியோர் இல்லத்துக்கோ, சிறப்புக் குழந்தைங்க பள்ளிக்கோ போயி நாலு வாரம் கூடமாட நில்லு. பாட்டிங்கறது நம்ம ரத்தம், முன்னப் பின்ன தெரியாத ஒரு பெரியவரு உன்னைய கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டே டயபர் மாத்த விடறப்பவும் உனக்கு இதே நெனப்பு இருக்கான்னு பாத்துக்க. இருந்துச்சுன்னா வீட்ல பேசறதுக்கு உனக்கே வாய் வந்துரும். ஆயான்னு சொல்றவங்களுக்கு அந்த ஆயா இல்லாத ஒரு நாள் ஆஸ்பத்திரியக் காட்டணும், வேற ஒண்ணும் வேண்டாம்.

கணக்கு வராத, வேற எதுக்கும் லாயக்கில்லாதவங்க எல்லாம் சேவைக்கு வந்துட்டா சேவை என்னத்துக்கு ஆகும்? (ஒரு வாசகர், ஆத்தூர்)

வாங்க சார். பக்கவாதம் வந்த ஒருத்தருக்கு ஒரு கிண்ணம் ரசஞ்சோறு ஊட்டிக் காட்டுங்க பாப்போம். நேரா நிமித்தி உக்கார வெக்கணும், தாடை கொஞ்சம் கீழ எறங்கியிருக்கணும், சின்ன ஸ்பூன்ல நல்லா இருக்கற பக்கமா வெக்கணும், தொண்டைக்குழி ஏறி எறங்கறதைப் பாத்துட்டுத்தான் அடுத்த வாய், நடுவுல வேலை செய்யாத பக்கத்துக் கன்னத்துக்குள்ள சோறு ஒதுங்கிக் கெடக்கான்னு பாக்கணும், சாப்ட்டு முடிச்சதும் உடனே படுக்க வெச்சிரக் கூடாது. ஒரு வாய் தப்பிப் போனா சோறு நுரையீரலுக்குள்ள போயி நிமோனியா. அரை மணி நேரம் ஆகும். நடுவுல போன் பாக்க முடியாது.

1992ல தொட்டில் குழந்தைத் திட்டம்னு மொதமொதல்ல ஆரம்பிச்சது நம்ம சேலத்துலதான், பொம்பளப் புள்ளையக் கொல்ல வேண்டாம், இங்க கொண்டாந்து விட்ருங்கன்னு. யாரு ஆரம்பிச்சாங்கன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, அந்தப் புள்ளைங்களை ராத்திரி முழுக்க தோள்ல போட்டு தட்டுனவங்க பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்? லாயக்கைப் பத்தி அப்பறம் பேசலாம்.

நான் ஏற்காடு பக்கம், எங்கம்மா காபித் தோட்டத்துல வேலை. பிளஸ் டூ ஆர்ட்ஸ் குரூப்ல முடிச்சேன். சின்னப் புள்ளைங்கன்னா உசுரு. கணக்குன்னா காய்ச்சல். மலைய விட்டு எறங்க இஷ்டமில்ல. அங்கன்வாடி சரியா வருமா? (ஒரு வாசகி, நாகலூர்)

வரும் பாப்பா, ஆனா புள்ளைங்களோட வெளையாடற வேலை மட்டும்னு நெனச்சிட்டுப் போகாத. அங்கன்வாடி 1975 அக்டோபர் 2ல ஆரம்பிச்ச திட்டம், அப்ப இருந்து இப்ப வரைக்கும் அந்த டீச்சருங்க தலையில நோட்டு நோட்டா ஏறிக்கிட்டேதான் இருக்கு. அரிசி, பருப்பு, முட்டை ஸ்டாக், மாசாமாசம் புள்ளைங்க எடை, உயரம், இப்ப போன்ல போஷன் டிராக்கர் ஆப் வேற. மலை மேல டவர் கெடைக்காம பாறை மேல ஏறி நின்னு என்ட்ரி போடறவங்களை நானே பாத்திருக்கேன்.

ஆனா பாதிக் கணக்கை கருவியே போட்டுக் குடுத்துரும். உதாரணத்துக்கு கையோட சுற்றளவு பாக்கற டேப். ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்கற புள்ளைக்கு எடது கையில, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல சுத்தணும், இறுக்கவும் கூடாது லொடலொடன்னும் இருக்கக் கூடாது. பச்சை வந்தா நல்லாருக்கு, மஞ்சள் வந்தா ஊட்டம் கொறைச்சல், சிவப்பு வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். 11.5 சென்டிமீட்டருக்கு கீழ போனாத்தான் சிவப்பு. கலர் தெரிஞ்சா போதும். ஆனா சிவப்பு வந்த பின்னாடிதான் வேலையே ஆரம்பிக்குது, தோட்டத்துல ஒரு நாள் கூலிய விட்டுட்டு அந்தம்மா புள்ளையத் தூக்கிட்டு சேலம் எறங்கணும்னா, 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்சு, கூட யாரு வர்றது, வீட்ல இருக்கற மத்த ரெண்ட யாரு பாக்கறதுன்னு ஆயிரம் இருக்கு. அதைப் பேசி சரிக்கட்டறதுக்கு அந்த ஊர்லயே பொறந்து வளந்த உன்னைய மாதிரி ஆளு வேணும். கீழ இருந்து வர்ற எந்த மெடலிஸ்டும் அதைப் பண்ண முடியாது.

இன்னொரு வழியும் இருக்கு. ஏ.என்.எம்.ங்கற துணை செவிலியர் படிப்பு, ரெண்டு வருஷம், முடிச்சா கிராம சுகாதார செவிலியரா ஆகலாம், ஆனா சேர்க்கை விதியை நல்லாப் படிச்சுக்க, சயின்ஸ் குரூப் கேப்பாங்க சில எடத்துல. அது இல்லாட்டி மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா போயி பிரஷர், சக்கரை பாக்கற பெண் தன்னார்வலருங்க இருக்காங்க, 2021 ஆகஸ்ட் 5ல ஆரம்பிச்சது, ஊக்கத்தொகைதான், பெரிய சம்பளம்னு நெனச்சிட்டு போயிராத. பிரஷர் 140க்கு 90 தாண்டுனா எழுதி வெச்சு சொல்லணும், மெஷின்ல தெரியறதை எழுதறதுதான்.

கர்ப்பவதிக்கு பிரசவத் தேதி பாக்கறது ஒரு கணக்குத்தான், கடைசி மாதவிலக்கோட மொத நாள்ல இருந்து 9 மாசம் 7 நாள். மலையில யாரு தேதி எழுதி வெக்கறா? "காபிப் பழம் எடுக்கறப்ப நின்னுது"ம்பாங்க. அது எந்த மாசம், உங்க தோட்டத்துல எப்ப ஆள் எறங்குனாங்க, பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியான்னு நாலு கேள்வில நீ கண்டுபுடிச்சிருவ. உனக்கு கணக்கு வராதுன்னு யாரு சொன்னா?

என் மகன் பத்தாவதுல கணக்கு 36, மத்ததெல்லாம் 70க்கு மேல. அடிபட்ட நாய்ல இருந்து பக்கத்து வீட்டு தாத்தா வரைக்கும் எல்லாத்துக்கும் ஓடுவான். ஆம்பளப் பையனை நர்சிங் அனுப்பலாமா? எந்த குரூப் எடுக்க வெக்கறது? (ஒரு தகப்பன், ஓமலூர்)

தாராளமா அனுப்பலாங்க. 80 கிலோ ஆளைப் புரட்டிப் படுக்க வெக்க, ராத்திரி கேஷுவாலிட்டில குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்றவனை சமாளிக்க, ஆம்பள நோயாளிக்கு டியூப் போட, ஆம்பள நர்சு இல்லாம நாங்க பட்ட பாடு கொஞ்சமில்ல.

பிளஸ் ஒன்ல கணக்கு இல்லாம பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பாட்டனி, சுவாலஜி இருக்கற குரூப் எடுக்கச் சொல்லுங்க, பியூர் சயின்ஸ்னு சொல்லுவாங்க, பி.எஸ்சி. நர்சிங்குக்கு அது போதும், நாலு வருஷம். பிசிக்ஸ்ல கணக்கு வரும், அதுல இருந்து தப்பிக்க முடியாது, டியூஷன் வெக்கறதா இருந்தா அதுக்கு வெய்யுங்க. ஓடற புத்தி இருக்கற பையன்னா 108 ஆம்புலன்ஸ்ல ஈ.எம்.டி.ங்கற அவசர மருத்துவ உதவியாளர் வேலையும் யோசிக்கலாம், நம்ம மாநிலத்துல 2008 செப்டம்பர்ல வந்தது. தொப்பூர் பக்கம் ரோட்டுல லாரி கவுந்து கெடக்கறப்ப மொதல்ல யாரைத் தொடணும்னு அரை நிமிஷத்துல முடிவெடுக்கறது அந்த ஆளுதான், கத்தறவன் கிட்ட ஓடக் கூடாது, சத்தமே இல்லாம கெடக்கறவன் கிட்டத்தான் மொதல்ல போகணும்.

ஆனா ஒண்ணு பாத்துக்கோங்க. மத்ததுல 70, கணக்குல மட்டும் 36ங்கறது உறுத்துது. கடிகாரம் பாக்கத் தடுமாறுறானா, 36ஐ 63ன்னு எழுதறானா, கடையில மீதி சில்லறைய வாங்காமயே வந்துர்றானா? அப்படின்னா டிஸ்கால்குலியாவான்னு, அதாவது நம்பரைப் புரிஞ்சுக்கறதுல இருக்கற குறைபாடான்னு பரிசோதிச்சுப் பாருங்க. அது சோம்பேறித்தனம் இல்லைங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 வகையில கற்றல் குறைபாடும் ஒண்ணு, அதுக்குள்ள இதுவும் அடங்கும். சான்றிதழ் இருந்தா பரீட்சையில சலுகை கெடைக்கும். அதை விடப் பெரிசு, நீங்க அவனைத் திட்டறதை நிறுத்திருவீங்க.

நாளைக்கு அரசு வேலைக்கு பரீட்சை எழுதறப்பவும் கணக்குதான் கெடுத்துரும்னு பயப்படாதீங்க. குரூப் 4 எடுத்துக்கிட்டா 200 கேள்வில கணக்கும் அறிவுக்கூர்மையும் சேந்து 25தான், தமிழ் மட்டும் 100.

வயசு 41. மாமியாரை கடைசி ரெண்டு வருஷம் நான்தான் படுக்கையில வெச்சுப் பாத்தேன், ஒரு புண்ணு வர விடல. அவங்க போன பின்னாடி வீடு வெறிச்சுன்னு இருக்கு. ஹோம் நர்சிங் ஏஜென்சி ஒண்ணு கூப்புடறாங்க. சம்பளம் எவ்வளவுன்னு கேக்கவே கூச்சமா இருக்கு, சேவைக்குப் போயிட்டு காசு கேக்கறதான்னு. (ஒரு வாசகி, சூரமங்கலம்)

ரெண்டு வருஷம் படுக்கையில இருந்தவங்களுக்கு படுக்கைப் புண் வர விடலைன்னா, அம்மா, உங்களுக்கு நான் எந்திரிச்சு நிக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி, குதிகாலுக்கு அடியில தலையணை குடுத்து, இடுப்புக்குக் கீழ தோல் செவந்திருக்கான்னு தெனம் பாத்து, ஈரம் இல்லாம தொடச்சு வெச்சிருக்கீங்க. மெத்தப் படிச்ச எடத்துலயே அது தவறிப் போறதை நான் பாத்திருக்கேன்.

அதனாலதான் சொல்றேன், இந்த மாசம் வந்த லெட்டர்லயே எனக்குக் கோபம் வந்தது உங்களது ஒண்ணுக்குத்தான். பாசக்கார ஆளுங்க எல்லாம் கணக்கு பிடிக்காதுன்னு சொல்லி கடைசில எங்க வந்து மாட்டறாங்கன்னா, தன்னோட சம்பளத்துல! மத்த எந்தக் கணக்கை வேணா விடுங்க, இதை விடாதீங்க. ஏஜென்சி நோயாளி வீட்ல எவ்வளவு வாங்குது, உங்க கைக்கு எவ்வளவு வருதுன்னு கேளுங்க. 12 மணி நேரமா, 24 மணி நேரமா? 24ன்னா ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்க விடுவாங்க? சாப்பாடு யாரு குடுக்கறது, வாரத்துல ஒரு நாள் லீவு உண்டா, அந்த லீவுக்குக் கூலி உண்டா, நோயாளி பாதி மாசத்துல காலமாயிட்டா மீதி சம்பளம்? சமையல், பாத்திரம், துணின்னு தலையில கட்டுவாங்களா? எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க. "நம்பிக்கைதானேம்மா"ன்னு சொன்னாங்கன்னா பையை எடுத்துட்டு கெளம்பிருங்க.

பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எடம்னா இ.எஸ்.ஐ.ங்கற தொழிலாளர் காப்பீடு இருக்கான்னு கேளுங்க, சம்பளம் 21,000 வரைக்கும் அதுல வரும். 10,000 சம்பளம்னா உங்க கையில இருந்து 75 ரூபா, அவங்க 325 ரூபா கட்டணும். ஆளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போறது உங்களுக்குத்தான், அன்னிக்கு வைத்தியம் பாக்க அந்த 75 ரூபாதான் நிக்கும். எனக்கு முதுகெலும்பு அடியில எல்4 எல்5ல பெல்ட் போட்டுத்தான் இதை உக்காந்து எழுதறேன், தெரிஞ்சுக்கோங்க.

ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்னு நோயாளியப் பாத்துக்கற உதவியாளருக்கு சில மாசப் பயிற்சி இருக்கு, திறன் மேம்பாட்டுக் கழகம் மூலமா நடத்தறாங்க. கை பழகிருச்சே எதுக்குன்னு நெனைக்காதீங்க, அந்த சர்டிபிகேட் இருந்தா அடுத்த வீட்ல கூலி பேசறப்ப குரல் கொஞ்சம் நிமிரும். அப்பறம் ஒண்ணு, மாமியார் போயி எத்தனை நாளாச்சுன்னு எழுதல. மூணு மாசம் ஆகலைன்னா கொஞ்சம் இருங்க. வெறிச்சுன்னு இருக்கற வீட்ட விட்டு ஓடறதுக்காக இன்னொரு படுக்கைய தேடிப் போனா ரெண்டு பேருக்குமே கஷ்டம்.

35 வருஷம் கேஷ் கவுண்டர். தெனம் நோட்டு எண்ணி எண்ணி கட்டை வெரல் ரேகையே தேஞ்சு போச்சு, ஆதாருக்கு கை வெச்சா எடுக்க மாட்டேங்குது. ரிட்டயர்டு ஆயிட்டேன். நம்பரே இல்லாத ஒரு சேவை சொல்லுங்க மேடம், சம்பளம் வேண்டாம். (ஒரு வாசகர், அஸ்தம்பட்டி)

உங்க லெட்டரைப் படிச்சு ரொம்ப நேரம் சிரிச்சேன் சார். பார்வை இல்லாத பசங்களுக்கு பரீட்சை எழுதித் தர ஆளு தேடிக்கிட்டே இருப்பாங்க, ஸ்க்ரைப்னு சொல்லுவாங்க. அவங்க சொல்லச் சொல்ல நீங்க எழுதணும், உங்களுக்குத் தெரிஞ்ச பதிலா இருந்தாலும் வாயத் தெறக்கக் கூடாது, அவங்க தப்பாச் சொன்னா தப்பாவே எழுதணும், அதுதான் கஷ்டம். ஆனா எழுதறவருக்கு படிப்பு எவ்வளவு இருக்கலாம்னு ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு விதி உண்டு, பரீட்சை எழுதற பையனை விடக் கொறைவாப் படிச்சவங்கதான் வேணும்பாங்க பல எடத்துல, அதைக் கேட்டுட்டுப் போங்க. அது சரிப்படலைன்னா பாடப் புத்தகத்தை போன்ல படிச்சு ரெக்கார்டு பண்ணிக் குடுங்க, அதுக்கு ஒரு விதியும் இல்ல. கவுண்டர்ல இருந்தவரு, குரல் கணீர்னுதான் இருக்கும்.

எக்கனாமிக்ஸ் புக்கைக் குடுத்தாங்கன்னா மட்டும் சுதாரிச்சுக்கோங்க. அட்டவணையெல்லாம் வரி வரியா படிச்சாகணும்.